குளிக்கிற தண்ணீருக்குக் கட்டுப்பாடு இல்லை, புல்லுக்கு மட்டும் ஏன்?

லாஸ் வேகஸுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் முதல் நாள் ராத்திரியே பெல்லாஜியோ ஓட்டல் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவோம். ஓட்டலுக்கு முன்னால் எட்டு ஏக்கருக்கு மேல் பரந்த குளம். பாட்டுக்கு ஏற்றபடி நீரூற்றுகள் ஆடும். விருந்தாளிகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். மறுநாள் காலையில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் தாள் கண்ணில் படும்: இந்த வீட்டுத் தோட்டத்துக்கு எந்தக் கிழமை தண்ணீர் பாய்ச்சலாம், எப்போது கூடாது என்ற அட்டவணை. அப்போது கட்டாயம் ஒரு கேள்வி வரும். "அங்கே அவ்வளவு தண்ணியை ஆகாசத்துக்கு அடிக்கிறான். இங்கே உங்க வீட்டுப் புல்லுக்குக் குளிர்காலத்துல வாரத்துக்கு ஒரே நாளா?"

நியாயமான கேள்விதான். இங்கே பல வருஷமாகக் குடியிருப்பவர்களே இதற்கு ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். "ஷவரில் ரெண்டு நிமிஷம் குறைத்தால் போதும்" என்பார் ஒருவர். "ஓட்டல்காரன்தான் எல்லாவற்றையும் குடித்துவிடுகிறான்" என்பார் இன்னொருவர். "நேற்று மழை பெய்ததே, இன்னும் எதற்குக் கட்டுப்பாடு?" என்று கேட்பவரும் உண்டு. மூன்று பேச்சிலும் ஒரு சின்னக் கணக்கு விடுபட்டுப் போகிறது. அது பிடிபட்டுவிட்டால் இந்த ஊர்ச் சட்டத்தின் ஒவ்வொரு வரியும் தானாகப் புரியும். அந்தக் கணக்கைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

மேட்டூர் நிரம்ப சேலத்தில் மழை வேண்டாம்

மேட்டூர் அணை நிரம்புவது சேலத்தில் பெய்யும் மழையால் இல்லை. குடகிலும் வயநாட்டிலும் பெய்தால்தான் அணையின் மட்டம் ஏறும். சேலத்தில் அடைமழை பெய்தாலும், மேலே பொய்த்துவிட்டால் அணை காய்ந்துதான் கிடக்கும்.

லாஸ் வேகஸும் அப்படித்தான். பாலைவனத்துக்கு நடுவே இருக்கும் இந்த ஊரில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழை நாலு அங்குலத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். சென்னையில் ஒரு நல்ல ஐப்பசி நாளில் இதைவிட அதிகம் கொட்டிவிடும். ஊர் குடிக்கும் தண்ணீரில் பத்தில் ஒன்பது பங்கு கொலராடோ ஆற்றிலிருந்து வருகிறது. ஆற்றுக்குத் தண்ணீர் ராக்கி மலையில் உருகும் பனியிலிருந்து வருகிறது. வழியில் 1930-களில் கட்டிய ஹூவர் அணை அதைத் தடுத்து நிறுத்துகிறது. அணைக்குப் பின்னால் தேங்கும் நீர்த்தேக்கத்தின் பெயர் மீட் ஏரி. நிரம்பினால் 1,100 டிஎம்சிக்கு மேல் பிடிக்கும். சுமாராகப் பன்னிரண்டு மேட்டூர்.

2000-ஆம் ஆண்டிலிருந்து மலையில் பனி குறைந்துவிட்டது. விழுகிற பனியும் சூட்டில் மண்ணுக்கும் காற்றுக்கும் போய்விட, ஆற்றுக்கு வந்து சேர்வது இன்னும் குறைவு. 2022 ஜூலையில் ஏரியின் மட்டம் 1,040 அடிக்கு இறங்கியது. இது கடல் மட்டத்திலிருந்து அளக்கும் அடி. நிரம்பிய ஏரிக்கு 1,229 அடி. கொள்ளளவில் கால்பங்கைக் கொஞ்சம் தாண்டித்தான் தண்ணீர் இருந்தது. அந்தக் கோடையில் படகுத்துறைக்குப் போயிருந்தோம். எதிர்ப் பாறைச் சுவரில், மூன்று பனைமரத்தை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் எவ்வளவு வருமோ அவ்வளவு உயரத்துக்கு வெள்ளையாகச் சுண்ணாம்புப் பட்டை. ஒரு காலத்தில் தண்ணீர் நின்ற இடம் அது. பார்த்துவிட்டு வந்த பிறகு குழாயைத் திறக்கும்போதெல்லாம் அந்த வெள்ளைதான் எனக்கு ஞாபகம் வந்தது.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். வறட்சி என்பது இயற்கை செய்வது: பனியும் மழையும் பல வருஷம் குறைந்துபோவது. பற்றாக்குறை என்பது சட்டம் சொல்வது: ஏரியின் மட்டம் குறிப்பிட்ட அடிக்குக் கீழே போகும் என்று கணித்தவுடன் மத்திய அரசு அதை அறிவித்து, மாநிலங்களின் பங்கைக் குறைக்கும். முதல் கோடு 1,075 அடி. வரலாற்றில் முதல் தடவையாக 2021 ஆகஸ்டில் அந்த அறிவிப்பு வந்தது. எங்கள் தெருவில் நேற்றுப் பெய்த தூறல் அந்த 1,075 அடியில் ஒரு நூல்கூட ஏற்றாது.

13 டிஎம்சிதான் மொத்தச் சொத்து

கொலராடோ ஆற்றை ஏழு மாநிலங்கள் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. 1922-இல் ஒப்பந்தம், 1928-இல் அதையொட்டிய சட்டம். அதில் லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடா மாநிலத்துக்கு வருஷத்துக்கு 3 லட்சம் ஏக்கர்-அடி. ஏக்கர்-அடி என்றால் ஒரு ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர். நம் கணக்கில் 12 லட்சத்து 33 ஆயிரம் லிட்டர். அப்படிப் பார்த்தால் நெவாடாவின் பங்கு சுமார் 13 டிஎம்சி. பக்கத்தில் கலிஃபோர்னியாவுக்கு 44 லட்சம் ஏக்கர்-அடி, அரிசோனாவுக்கு 28 லட்சம். 1920-களில் லாஸ் வேகஸ் ஒரு சிற்றூர். இங்கே இத்தனை லட்சம் பேர் வந்து குடியேறுவார்கள் என்று அன்றைக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

சென்னைக்காரர்களுக்கு இந்த அளவு கைக்குப் பழகியதுதான். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை ஐந்தும் நிரம்பினால் 11.757 டிஎம்சி. அதைவிடக் கொஞ்சம் கூடுதலான தண்ணீரை வைத்து, இருபது லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பாலைவனத்தில் ஒரு வருஷத்தை ஓட்ட வேண்டும். அதிலும் பற்றாக்குறை அறிவித்தபின் 2022-இல் 21 ஆயிரம் ஏக்கர்-அடியும், 2023-இல் 25 ஆயிரம் ஏக்கர்-அடியும் வெட்டினார்கள்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: தண்ணீர் வெகுதூரத்து மலையிலிருந்து வருகிறது, பங்கு சின்னது, அதையும் ஏரி மட்டத்தைப் பார்த்துக் குறைப்பார்கள். இனிதான் இந்த ஊருக்கே உரிய விஷயம் வருகிறது.

மறுகால் பாய்கிற ஊர்

போன வருஷம் அம்மா வந்து நாலு மாதம் தங்கியிருந்தாள். நாங்குநேரிப் பக்கத்துக்காரி. சமையல்கட்டுத் தொட்டிக்குள் ஒரு அகலப் பாத்திரத்தை வைத்து, அரிசி கழுவிய தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் எல்லாவற்றையும் பிடித்து, பின்வாசலில் தொட்டியில் இருக்கும் கறிவேப்பிலைச் செடிக்குக் கொண்டுபோய் ஊற்றுவாள். ஒருநாள் அவசரத்தில் நான் அதை அப்படியே சமையல்கட்டுத் தொட்டியில் கவிழ்த்துவிட்டேன்.

"ஏய்யா, இம்புட்டுத் தண்ணியையும் சாக்கடையில கொட்டிட்டியே, வீணாத்தானே போவும்?"

"இந்த ஊர்ல அது வீணாப் போகாதும்மா. திரும்ப ஏரிக்கே போயிரும்."

அம்மா நம்பவில்லை. வாரக்கடைசியில் காரில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். லாஸ் வேகஸ் வாஷ் என்று ஒரு ஓடை. ஊரின் கழிவுநீர் முழுவதும் சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போய், சுத்தமாகி, இந்த ஓடைவழியே சுமார் 20 கிலோமீட்டர் ஓடி மீட் ஏரியில் கலக்கிறது. பாலைவனத்தில் வருஷம் பூராவும் வற்றாத ஓடை. கரையில் நாணல், நடுவில் கொக்கு. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அப்போ மறுகால்னு சொல்லு. மேலக்கொளம் மறுகால் பாஞ்சாத்தான் கீழக்கொளத்துக்காரன் நாத்துப் பாவுவான்."

இதைவிடச் சரியாக என்னால் விளக்க முடியாது. நம் குளங்கள் சங்கிலி போல ஒன்றுக்கொன்று கீழே இருக்கும். மேலே இருக்கும் குளத்தின் மிச்சம் மறுகால்வழியே கீழே உள்ள குளத்துக்கு வரும். இங்கே ஒரு சின்ன வித்தியாசம்: மறுகால் சுற்றி வந்து அதே குளத்தில் விழுகிறது.

சட்டமும் அதை ஒப்புக்கொள்கிறது. ஏரியில் எடுத்த தண்ணீரில் எவ்வளவைச் சுத்திகரித்துத் திரும்ப விட்டார்களோ, அவ்வளவை நெவாடா மறுபடி எடுத்துக்கொள்ளலாம். இதைத் திரும்பு நீர் வரவு என்று வைத்துக்கொள்வோம். பாங்கில் எடுத்த பணத்தைத் திரும்பக் கட்டினால் இருப்பு பழையபடி ஆகிவிடுகிறதல்லவா, அதே மாதிரி. திரும்பி வராமல் போவதைத்தான் நெவாடாவின் பங்கில் செலவு எழுதுவார்கள். அதற்குத் தீர்ந்துபோன நீர் என்று பெயர் கொடுப்போம். 3 லட்சம் ஏக்கர்-அடி வரம்பு இருப்பது இந்தத் தீர்ந்துபோன நீருக்குத்தான். குழாயில் மொத்தம் எவ்வளவு ஓடியது என்பதற்கு இல்லை.

குடக்கணக்கில் பார்க்கலாம். ஊர் ஏரியிலிருந்து 100 குடம் எடுக்கிறது. 40 குடம் வீட்டுக்குள்: குளிக்க, துவைக்க, சமைக்க, கழிப்பறைக்கு. 60 குடம் வெளியே: புல், செடி. உள்ளே போன 40-ம் சாக்கடைவழியே திரும்பிவிடும். வெளியே போன 60-ம் போனது போனதுதான். செலவு 60.

எல்லோரும் பாதித் தண்ணீரில் குளித்து, பாதித் தண்ணீரில் துவைக்கிறார்கள் என்று வையுங்கள். உள்ளே 20 குடம் போதும். எடுத்தது 80, திரும்பியது 20, செலவு அதே 60. அவ்வளவு கஷ்டப்பட்டும் ஏரியில் ஒரு குடம்கூட மிஞ்சவில்லை.

இப்போது குளியலை அப்படியே விட்டுவிட்டுத் தோட்டத்தில் மட்டும் பாதியைக் குறைக்கலாம். உள்ளே 40, வெளியே 30. எடுத்தது 70, திரும்பியது 40, செலவு 30. ஏரியில் 30 குடம் மிச்சம்.

கட்டுப்பாடு ஏன் குளியலறைக்குள் வராமல் புல்தரையில் போய் நிற்கிறது என்பதற்கு விடை இந்த மூன்று பத்திகளில் இருக்கிறது. நிஜத்தில் உள்ளே போகும் தண்ணீரில் கொஞ்சம் வழியில் குறையத்தான் செய்யும். ஏறத்தாழ முழுவதும் திரும்புகிறது என்றால் சரியாக இருக்கும். ஏரி பள்ளத்தில், ஊர் மேட்டில். ஒவ்வொரு குடத்தையும் மேலே ஏற்ற மின்சாரம் வேண்டும், திரும்ப வருவதைச் சுத்தம் செய்யவும் செலவுண்டு. அதனால் குழாயைத் திறந்துவிட்டுப் போவது நல்லது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒழுகும் குழாயைச் சரி செய்தால் நம் பில்லும் குறையும், ஊரின் கரண்டுச் செலவும் குறையும். ஏரியின் மட்டம் மட்டும் அதனால் ஏறாது.

அம்மாவின் அரிசி கழுவிய தண்ணீர்? செடிக்குக் குழாய்த் தண்ணீரில் ஒரு செம்பு குறைத்துவிட்டு இதை ஒரு செம்பு ஊற்றினால், ஏரியிலிருந்து ஒரு செம்பு குறைவாக எடுத்தோம், ஒரு செம்பு குறைவாகத் திருப்பினோம். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. குளித்த தண்ணீரைத் தோட்டத்துக்குத் திருப்பிவிடும் ஏற்பாட்டை மற்ற ஊர்களில் ஓடி ஓடி ஆதரிக்க, இங்கே நீர்த்துறை ஊக்குவிக்காமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். கறிவேப்பிலைக்கு அம்மா ஊற்றிக்கொண்டேதான் இருந்தாள். நானும் தடுக்கவில்லை, செடி நன்றாகவே தழைத்தது.

புல் எவ்வளவு குடிக்கும்

வெளியே ஊற்றும் தண்ணீர் எங்கே போகிறது? மண்ணிலிருந்து நேரடியாக ஆவியாகிறது, வேர் உறிஞ்சியது இலைவழியே ஆவியாகிறது. இரண்டையும் சேர்த்து ஆவியிழப்பு என்று சொல்லலாம். துணி காய்கிற அதே வேலைதான். வெயிலும் காற்றும் வறட்சியும் கூடினால் துணி சீக்கிரம் காயும். ஜூலையில் 43, 44 டிகிரி அடிக்கிற, காற்றில் ஈரமே இல்லாத ஊரில் ஒரு புல்தரை என்பது நாளெல்லாம் காய்ந்துகொண்டும் நனைந்துகொண்டும் இருக்கும் துணி மாதிரி.

தெற்கு நெவாடா நீர் ஆணையம் என்று, இந்தப் பகுதியின் நீர் வழங்கும் அமைப்புகள் 1991-இல் சேர்ந்து உருவாக்கிய ஒரு பொது அமைப்பு இருக்கிறது. அதன் கணக்குப்படி இங்கே ஒரு சதுர அடிப் புல்லுக்கு வருஷத்துக்கு 73 கேலன், அதாவது சுமார் 276 லிட்டர் வேண்டும். அந்தத் தண்ணீரை அந்த ஒரு சதுர அடியின் மேலேயே நிறுத்தினால் கிட்டத்தட்ட பத்தடி உயரம் நிற்கும். வானம் தருவது நாலு அங்குலம்.

ஆயிரம் சதுர அடிப் புல்தரை பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. அரை கிரவுண்டுகூடக் கிடையாது. அதற்கு வருஷத்துக்கு 2 லட்சத்து 76 ஆயிரம் லிட்டர். சென்னையில் நாம் பார்க்கிற 12 ஆயிரம் லிட்டர் தண்ணீர் லாரிகள் 23 வந்து நின்று கொட்ட வேண்டும். அதே இடத்தில் புல்லை எடுத்துவிட்டு, பாலைவனத்துக்குப் பழகிய செடிகளை வைத்துச் சொட்டு நீர் விட்டால் சதுர அடிக்கு 55 கேலன் மிச்சம். 17 லாரி வர வேண்டியதில்லை. புல்லை எடுப்பவர்களுக்குச் சதுர அடிக்கு இத்தனை டாலர் என்று ஆணையம் காசு கொடுக்கிறது. 1990-களின் கடைசியில் தொடங்கியது. இதுவரை 20 கோடி சதுர அடிக்கு மேல் புல் போயிருக்கிறது.

2003-க்குப் பிறகு வந்த புது வீடுகளில் முன்பக்கம் புல் போடக் கூடாது. 2021-இல் மாநிலச் சட்டசபை இன்னும் ஒரு படி போய், பயனில்லாப் புல்தரைக்கு ஆற்றுத் தண்ணீர் பாய்ச்சுவதை 2027 ஜனவரி 1 முதல் தடை செய்து சட்டம் போட்டது. பயனில்லாப் புல்தரை என்றால் யாரும் கால் வைக்காத புல்: சாலை நடுவே, கடை வாசலில், அலுவலகக் கட்டடத்தைச் சுற்றி, குடியிருப்பின் நுழைவாயிலில், வெட்டுகிறவன் மட்டுமே நடக்கிற புல். குழந்தைகள் ஓடி விளையாடும் பூங்கா, பள்ளி மைதானம், தனி வீடுகளின் தோட்டம் எதற்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. "எங்கள் வீட்டுக் கொல்லைப்புறப் புல்லைப் பிடுங்கப் போகிறார்களாம்" என்று பயந்தவர்கள் பலரைத் தெரியும். அப்படி ஒரு வரி அந்தச் சட்டத்தில் இல்லை.

முறை வைத்துப் பாய்ச்சுவது

மிச்சமிருக்கும் தோட்டங்களுக்குத்தான் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் அந்த அட்டவணை. நம் ஊரில் அணையில் தண்ணீர் குறைந்தால் முறைப்பாசனம் அறிவிப்பார்கள்: இத்தனை நாள் இந்த வாய்க்காலுக்கு, அப்புறம் அடுத்ததற்கு. குளத்துப் பாசனத்தில் யார் வயலுக்கு எப்போது என்று பார்த்து மடை திறப்பதற்கு நீர்க்கட்டி என்று ஓர் ஆளே இருப்பார். இங்கே ஊரை ஆறு குழுவாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் கிழமை கொடுத்திருக்கிறார்கள். ஒரே நாளில் எல்லோரும் திறந்தால் குழாயில் அழுத்தம் தாங்காது.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வாரத்துக்கு ஒரு நாள். மார்ச், ஏப்ரலில் மூன்று நாள். மே முதல் ஆகஸ்ட் வரை ஞாயிறு தவிர எந்த நாளும். செப்டம்பர், அக்டோபரில் மறுபடி மூன்று நாள். ஞாயிற்றுக்கிழமை வருஷம் முழுக்கக் கிடையாது. கோடையில் காலை 11 முதல் இரவு 7 மணிவரை ஸ்பிரிங்க்ளர் ஓடக் கூடாது.

புதிதாக வருபவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். வறட்சிக் கட்டுப்பாடு என்றால் கோடையில்தானே இறுக்க வேண்டும், இவர்கள் குளிர்காலத்தில் இறுக்குகிறார்களே? செடியின் தாகத்தைப் பார்த்தால் சந்தேகம் தீரும். கோடையில் அதற்கு நிஜமாகவே தேவை இருக்கிறது, குறைத்தால் செத்துப்போகும். அக்டோபரில் வெயில் இறங்கியவுடன் தாகம் மளமளவென்று குறைகிறது. ஆனால் சுவரில் மாட்டியிருக்கும் டைமருக்கு அது தெரியாது; ஆகஸ்டில் சொன்னதையே தினமும் செய்துகொண்டிருக்கும். வருஷத்தில் அதிகமாக வீணாவது இந்த மாதங்களில்தான். யாரும் ஆசைப்பட்டு ஊற்றுவதில்லை, மாற்ற மறந்துவிடுகிறார்கள்.

எனக்கும் அது நடந்தது. டைமரின் பாட்டரி தீர்ந்து, அது தன்னிஷ்டத்துக்குப் பழைய அமைப்புக்குப் போய்விட்டது. டிசம்பரில், தினமும் விடிகாலை நாலு மணிக்கு, நாங்கள் தூங்கும்போது தண்ணீர் ஓடியிருக்கிறது. நடைபாதையில் வழிந்து, தெருவோரக் கால்வாயில் இறங்கியது. கதவில் எச்சரிக்கைச் சீட்டு தொங்கியபோதுதான் தெரிந்தது. ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வழங்கும் அமைப்பான நீர் மாவட்டத்தின் ஆட்கள் வண்டியில் சுற்றி வந்து வீடியோ எடுத்துக்கொள்கிறார்கள். எச்சரிக்கைக்குப் பிறகும் திருந்தாவிட்டால் 80 டாலர் அபராதம், அடுத்தடுத்த தடவை இரட்டிப்பாகும். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஈரமாயிருந்த தெருவைப் பார்த்து நின்றது இன்னும் உறுத்துகிறது.

தெருவில் ஓடியதும் ஏரிக்குத்தானே போகும் என்று கேட்கலாம். தெருவோரக் கால்வாய் மழைநீருக்கு. சாக்கடைக் குழாய் வேறு. தெருவில் ஓடுவது பாதி வழியிலேயே காயும், மீதி எண்ணெயையும் உரத்தையும் அள்ளிக்கொண்டு போகும்.

அதற்கப்புறம் நான் கற்றுக்கொண்டது, ஒரே மூச்சில் 12 நிமிஷம் விடாமல், நாலு நாலு நிமிஷமாக மூன்று தடவை, நடுவில் ஒரு மணி நேரம் இடைவெளி விட்டுப் பாய்ச்சுவது. இங்கே மண்ணுக்கடியில் பல இடங்களில் சுக்கான் பாறை போல இறுகிய படலம் இருக்கிறது. வேகமாக ஊற்றினால் உள்ளே இறங்காது, மேலே வழியும். இடைவெளி விட்டால் முதல் நாலு நிமிஷம் மண்ணை நனைத்து இளக்கும், அடுத்தது வேருக்குப் போகும்.

நீரூற்றும் கோல்ஃப் மைதானமும் ஏர் கூலரும்

இப்போது பெல்லாஜியோவுக்குத் திரும்புவோம். அந்தக் குளத்துத் தண்ணீர் ஏரியிலிருந்து வருவதில்லை. அங்கே முன்பு டியூன்ஸ் என்ற ஓட்டலும் அதன் கோல்ஃப் மைதானமும் இருந்தன. மைதானத்துக்குப் பாய்ச்சிய சொந்தக் கிணறுதான் இப்போது குளத்துக்கு. ஆயிரக்கணக்கான ஓட்டல் அறைகளில் ஓடுகிற தண்ணீர் சாக்கடைவழியே திரும்பிவிடுகிறது. பார்வைக்குப் பெரிதாகத் தெரிவது கணக்கில் சின்னதாகவும், பார்வையில் படாத ஆயிரம் புல்தரைகள் கணக்கில் பெரிதாகவும் இருக்கின்றன.

கோல்ஃப் மைதானம் கொஞ்சம் தந்திரமான விஷயம். "நாங்கள் சுத்திகரித்த கழிவுநீரைத்தான் பாய்ச்சுகிறோம்" என்று சில மைதானங்கள் சொல்லும். கேட்க நன்றாக இருக்கிறது. இந்த ஊரில் அந்தக் கழிவுநீர் ஏரிக்குத் திரும்பியிருந்தால் வரவாகியிருக்கும். புல்லில் பாய்ந்ததால் வானத்துக்குப் போய்விட்டது. எந்தக் குழாயிலிருந்து எடுத்தாலும் புல் குடித்தது தீர்ந்த நீர்தான். அதனால்தான் மைதானங்களுக்கும் ஏக்கருக்கு இவ்வளவு என்ற வரம்பு வைத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு உள்ளே, வெளியே என்று நான் பிரித்துச் சொன்னதுகூட எளிமைக்காகத்தான். நிஜமான கோடு, தண்ணீர் சாக்கடைக்குப் போகிறதா வானத்துக்குப் போகிறதா என்பது. பெரிய கட்டடங்களைக் குளிர வைக்கும் எந்திரங்களில் ஒரு வகை, நம் வீட்டு ஏர் கூலர் மாதிரி தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கும். இந்தப் பள்ளத்தாக்கில் புல்லுக்கு அடுத்தபடியாக அதிகத் தண்ணீர் தீர்வது அதில்தான். 2023 முதல் புது வணிகக் கட்டடங்களில் அதற்கும் தடை வந்துவிட்டது. புது வீட்டு நீச்சல் குளத்துக்கு 600 சதுர அடிதான் உச்சம் என்பதும் இதே காரணத்தால். குளத்தின் ஆழத்தைவிட வெயில் படுகிற பரப்புதான் ஆவியிழப்பைத் தீர்மானிக்கிறது.

பலன் இருந்ததா என்றால் இருந்தது. 2002-இல் இந்தப் பகுதி தன் 3 லட்சம் ஏக்கர்-அடிப் பங்கையே தாண்டிவிட்டது. அதற்கப்புறம் ஏழு லட்சம் பேருக்கு மேல் புதிதாகக் குடியேறியும், 2023-இல் தீர்ந்த நீர் 1 லட்சத்து 88 ஆயிரம் ஏக்கர்-அடிதான். சுமார் 8 டிஎம்சி. 25 ஆயிரத்தை வெட்டிய வருஷத்திலும் எங்கள் குழாய் ஒருநாளும் நின்றதில்லை.

உங்கள் ஊர்ச் சாக்கடை எங்கே போகிறது?

இந்தக் கணக்கை அப்படியே இன்னோர் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் 2018 பிப்ரவரி 1 முதல் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று வரம்பு வைத்தார்கள். குளியல், துவையல், கழிப்பறை எல்லாம் அதற்குள். தோட்டத்துக்குக் குழாய்த் தண்ணீர் அறவே கூடாது. கடலோர ஊர் அது. பயன்படுத்திய தண்ணீரில் பெரும்பகுதி கடலுக்குப் போய்விடும், அணைக்குத் திரும்பாது. அங்கே குளியலும் தீர்ந்த நீர்தான்.

பெங்களூரில் 2024 மார்ச்சில் குடிநீரை வைத்துக் கார் கழுவுவது, தோட்டத்துக்கு விடுவது, கட்டட வேலை, நீரூற்று எல்லாவற்றையும் தடை செய்து 5,000 ரூபாய் அபராதம் அறிவித்தார்கள். அங்கே சுத்திகரித்த கழிவுநீரில் ஒரு பகுதி கோலார் மாவட்டத்து ஏரிகளுக்குப் போகிறது. இன்னோர் ஊருக்குப் பயன், ஆனால் பெங்களூர்க் குழாய்க்குத் திரும்பாது.

சென்னையிலும் பெரும்பகுதி ஆற்றுவழியே கடலுக்குத்தான். 2019-இல் ஏரிகள் காய்ந்து, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த அதே ஆண்டில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைத் தினமும் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையங்கள் தொடங்கின. தொழிற்சாலை குடித்திருக்க வேண்டிய நல்ல தண்ணீர் அந்த அளவுக்கு மிஞ்சுகிறது. சென்னைக்காரர் வாளியில் குளிப்பதும், அரிசி கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவதும் முழு லாபம். அம்மா நாங்குநேரியில் செய்தது அந்த ஊருக்குச் சரியான பழக்கம்தான்.

மரத்தை மறந்துவிடாதீர்கள்

புல்லை எடுக்கிறவர்களுக்கு ஒரு விஷயத்தைக் கையைப் பிடித்துச் சொல்ல ஆசைப்படுகிறேன். புல்தரை நடுவே நிற்கும் மரத்துக்கு யாரும் தனியாகத் தண்ணீர் விட்டிருக்க மாட்டார்கள். புல்லுக்கு அடித்த ஸ்பிரிங்க்ளரில்தான் அது இத்தனை வருஷம் வளர்ந்திருக்கும். வேரும் புல்லோடு புல்லாக மேலாகவே பரவியிருக்கும். புல்லை வெட்டிக் குழாயை மூடிவிட்டு ஜல்லியைக் கொட்டினால், அடுத்த ஜூலையில் மரம் உச்சியிலிருந்து காய ஆரம்பிக்கும். எங்கள் தெருமுனையில் ஒரு ஆஷ் மரம் அப்படித்தான் போனது. அதன் நிழலில் நின்ற இரண்டு வீடுகளிலும் இப்போது மதியத்தில் ஏசி ஓய்வதில்லை.

ஆணையம் இதற்காகவே, காசு வாங்க வேண்டுமானால் புல் எடுத்த இடத்தில் பாதிப் பரப்பையாவது வளர்ந்த செடிகளும் மரங்களும் மூட வேண்டும் என்று நிபந்தனை வைத்திருக்கிறது. வெறும் ஜல்லி போதாது. நாங்கள் புல்லை எடுத்தபோது முதலில் மரத்தைச் சுற்றிச் சொட்டுக் குழாயை வளையமாகப் போட்டுவிட்டு, அப்புறம்தான் ஸ்பிரிங்க்ளரை அடைத்தோம். வளையம் தண்டை ஒட்டி இருக்கக் கூடாது. உச்சி வெயிலில் மரத்தின் நிழல் விழுகிற விளிம்பு எதுவோ அங்கே போட வேண்டும், உறிஞ்சும் வேர் அங்கேதான் இருக்கும். மரம் வளர வளர வளையத்தையும் வெளியே நகர்த்த வேண்டும். எங்கள் மரத்துக்கு இந்த மார்ச்சில் ஓரடி நகர்த்தினேன்.